கடைசி அறையின் எண்

புதுசு ஒன்றே கால் லட்சம்.
என்னிடம் இருந்தது சீட்டைத் தள்ளி எடுத்த நாற்பத்து மூன்றாயிரம்.
டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் ஆஸ்பத்திரி பில் பாஸாகாது
என்று சொல்லிவிட்டார் இன்ஜினியர் பொற்கொடி.
கெஞ்சினால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான்.

முதலில் கும்பகோணம். பாலக்கரையில் வரதப்பன் கடை.
மஞ்சள் உடம்பில் ஒரு கீறல் இல்லை.
பேட்டரி மூடியைத் திறந்தேன், பச்சை பூக்கவில்லை.
லீட் மூன்றும் புதுசு.
முதலை க்ளிப்பின் பல்லை விரலில் கடிக்கவிட்டுப் பார்த்தேன்,
நன்றாகவே கடித்தது.

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ரெசிஸ்டர் உண்டு.
பழுப்பு, கறுப்பு, பச்சை: ஒரு மெகா ஓம்.
பெண் பார்க்கப் போன அன்றைக்கும் அது பையில்தான் இருந்தது.
ஐந்நூறு வோல்ட்டில் வைத்து அமுக்கினேன்.
1.00.
"நான் என்ன சொன்னேன்?" என்றார் வரதப்பன்.
டீ வந்தது.

டீ ஆறுகிற நேரத்துக்குச் சும்மா மெமரியை உருட்டினேன்.
அழிக்க மறந்திருக்கிறார்கள்.
ஏதோ ஒரு கல்யாண மண்டபம், அறுபத்து நாலு பாயிண்ட், லூப் டெஸ்ட்.
0.42
0.42
0.42
உருட்ட உருட்ட அதேதான்.
பதினொன்றே காலுக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடிந்திருக்கிறது.
ஒரே சாக்கெட்டில் ப்ளக்கைக் குத்திவைத்துவிட்டு
பிளாஸ்டிக் நாற்காலியில் காலாட்டிக்கொண்டே
பட்டனை மட்டும் அமுக்கியிருக்கிறான் எவனோ.

போர்டிலிருந்து விலக விலக ஓம் ஏறணும்,
மதகிலிருந்து விலக விலகத் தண்ணீர் இறங்குகிற மாதிரி.
தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே அளவு பாய்ந்ததென்று
எவனாவது எழுதிக் கொடுத்தால்
எங்கள் பக்கம் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும்.

கருவிமேல் தப்பில்லை.
அறுபத்து நாலு தடவையும் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான்
சொல்லியிருக்கிறது பாவம்.
இருந்தாலும் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.
ஏன் என்று இப்போதுகூட வரதப்பனுக்குப் புரிந்திருக்காது.

மத்தியானம் கூத்தாநல்லூர்.
ரோட்டில் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது,
மீதியில் பஸ் ஒருக்களித்துப் போனது.
முஜம்மில் தோஹாவிலிருந்து வந்து எட்டு மாதம்.
"முட்டி போச்சு, ஏணி ஏற முடியல" என்றார்.
வாங்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவருடையதில் ஒரு மூலை உருகியிருந்தது.
வாருக்குப் பதில் நைலான் கயிறு.
டிஸ்ப்ளேயில் ஒரு கோடு செத்து, எட்டும் ஆறும் ஒன்றாகத் தெரிந்தன.
கேலிப்ரேஷன் முடிந்து இரண்டு வருஷம்.
என் ரெசிஸ்டருக்கு 1.03 என்றது.

மெமரி: 0.31, 0.37, 0.44, 0.71.
கடைசி அறைக்குப் போகப் போக ஏறிக்கொண்டே போனது.
ஓர் இடத்தில் ஆர்.சி.சி.பி. முந்நூறு மில்லி செகண்ட் தாண்டியும் விழவில்லை.
மறுநாள் அதே சர்க்யூட், இருபத்து ஏழு.
கழற்றி மாற்றியிருக்கிறார்.

அப்புறம் ஒரு லேபர் கேம்ப். பி ப்ளாக், அறை பத்தொன்பது.
ஃபெயில். நாலு நாள் கழித்து ஃபெயில்.
அடுத்த மாதமும் ஃபெயில்.
அதோடு அந்த அறை இல்லை.
கேட்டேன்.
திரையைப் பார்க்காமலே "அது ஷவர் லைன்" என்றார்.
உள்ளே யாரோ மிக்ஸி போட்டார்கள். நின்றது.
நான் மேலே கேட்கவில்லை.

முப்பத்தோராயிரம்.
சென்னைக்கு அனுப்பி கேலிப்ரேட் பண்ண இன்னும் ஆறு ஆகும்,
மூன்று வாரம் ஆகும், பொற்கொடி அதுவரை கண்ணாடி துடைக்கட்டும்.

ராத்திரி வீட்டில், கை சும்மா இருக்காமல்,
ஃப்ரிட்ஜ் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த சாக்கெட்டில் செருகினேன்.
எண்ணே வரவில்லை.
இன்னொரு தடவை.
எர்த் இல்லை.
பதினாறு வருஷமாக ஊருக்கெல்லாம் எர்த் போடுகிறவன் வீடு.

மெமரியில் ஏற்றினேன். இடம்: சொந்த வீடு.
அது போய் உட்கார்ந்தது
அறை பத்தொன்பதுக்கு அடுத்த வரியில்.

விடிந்ததும் ஒரு மூட்டை வேதாரண்யம் உப்பு வாங்கணும்.
கரி ஒரு மூட்டை.